வெப்கேமில் செடி சரியாகத் தெரியவில்லையா? எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

மாடித்தோட்டத்துக் கீரைப் பாத்திக்கு மேலே ஒரு சாதாரண யூஎஸ்பி வெப்கேமைக் கட்டி, பைத்தான் நிரல்மொழியும் ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகமும் கொண்டு பச்சையைத் தனியே பிரித்தெடுப்பது பெரிய வேலை இல்லை. நிரல் இருபது வரியைத் தாண்டாது. பாத்தியில் எவ்வளவு இடத்தை இலை மூடியிருக்கிறது, எந்தத் தொட்டியில் முளைப்பு வரவில்லை, எங்கே களை கிளம்பியிருக்கிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். சிக்கல் மறுநாள் தொடங்கும். நேற்று அழகாகப் பிரிந்த செடி இன்று பாதி காணாமல் போகும். தண்ணீர்க் குழாய் செடியாகிவிடும். உடனே எல்லோரும் கை வைப்பது, எது செடி என்று பிரிக்கும் எல்லையான த்ரெஷோல்ட் எண்களில்தான், நேரம் வீணாவதும் அங்கேதான். இந்த வேலையில் பெரும்பாலான கோளாறு நிரலுக்கு வெளியே இருக்கிறது: வெளிச்சத்தில், அப்புறம் கேமரா நம்மைக் கேட்காமல் செய்யும் திருத்தங்களில். எண்ணைத் தொடுவது கடைசி வேலை.

உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: மூன்று சன்னல்

நிரல் ஓடும்போது இறுதி மாஸ்க்கை (செடி வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் வரும் படம்) மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. கேமரா தந்த அசல் படம், ஹியூ (எந்த நிறம் என்று சொல்லும் எண்) மட்டும் கறுப்பு வெள்ளையில், கடைசியாக மாஸ்க் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். அசல் படத்தில் இலை சாம்பல் நிறமாகவோ வெளிறியோ தெரிந்தால் கோளாறு கேமராவில் அல்லது வெளிச்சத்தில். அசல் நன்றாக இருந்து ஹியூ படம் குழம்பியிருந்தால் நிற மாற்றத்தில். இரண்டும் சரி, மாஸ்க் மட்டும் தவறு என்றால்தான் த்ரெஷோல்ட்.

கூடவே, மவுஸால் சொடுக்கிய இடத்தின் மதிப்புகளை அச்சிடும் சின்ன வசதி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் படும் இலை, நிழலில் இருக்கும் இலை, மண், தொட்டி விளிம்பு என நாலைந்து இடத்தில் சொடுக்கிக் கிடைக்கும் எண்களை எழுதி வைத்தாலே பாதி விடை வந்துவிடும். சோதனைப் படங்களைப் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் பொதுவாக நிறத் தகவலைக் குறைந்த துல்லியத்தில்தான் வைத்திருக்கும். ஒடுங்கிய இலையின் ஓரத்தில் பச்சையும் மண் நிறமும் கலந்து போகும்.

முற்றிய இலை தெரிகிறது, இளந்தளிர் மட்டும் விடுபடுகிறது

இது ஏமாற்றும் கோளாறு. ஓப்பன்சிவி படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்திருக்கும். வேறு பல நூலகங்கள் சிவப்பை முதலில் வைக்கும். நடுவில் ஏதோ ஒரு வரியில் இந்த வரிசை மாறிவிட்டால் படம் முழுக்கக் கெட்டுவிடும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் சிவப்பும் நீலமும் இடம் மாறினாலும் பச்சை நடுவிலேயே இருக்கும். ஓப்பன்சிவியின் வழக்கமான 8 பிட் படத்தில் ஹியூ 0 முதல் 179 வரை ஓடும், சுத்தப் பச்சை 60. வரிசை மாறினால் ஒவ்வொரு ஹியூவும் 120இலிருந்து தன்னைக் கழித்த எண்ணாக மாறும். 60 அப்படியே 60. ஆனால் மஞ்சள் கலந்த தளிர் 40இலிருந்து 80க்குத் தாவிவிடும், 35 என்றால் 85. கரும்பச்சை இலை மாட்டிக்கொள்ளும், மேல் எல்லையை 75 போல இறுக்கமாக வைத்திருந்தால் தளிர் வெளியே நழுவும். செம்மண் 15இலிருந்து 105க்குப் போய் நீலமாகிவிடும். யாரும் மண்ணைத் தேடுவதில்லை என்பதால் அது கண்ணில் படாது.

சோதிப்பது சுலபம். சிவப்பு மூடி ஏதாவது ஒன்றைக் கேமராவுக்கு முன் காட்டுங்கள். ஹியூ 0 அல்லது 179 பக்கம் வந்தால் வரிசை சரி. 120 பக்கம் வந்தால் மாறியிருக்கிறது.

மாஸ்க் முழுக்கக் கறுப்பாக இருந்தால் வேறொன்றைப் பாருங்கள். கிம்ப் போன்ற மென்பொருளில் நிறத்தைத் தொட்டு எண்ணை எடுத்து அப்படியே போட்டிருக்கலாம். அங்கே ஹியூ 0 முதல் 360 வரை, மற்ற இரண்டும், அதாவது செறிவும் (நிறத்தின் அடர்த்தி) ஒளிர்வும் (வெளிச்ச அளவு), 0 முதல் 100 வரை. ஹியூவைப் பாதியாக்கி, செறிவையும் ஒளிர்வையும் 2.55ஆல் பெருக்கிப் போட வேண்டும். இலைகளுக்குத் தொடக்கமாக ஹியூ 35 முதல் 85, செறிவு 50க்கு மேல், ஒளிர்வு 40க்கு மேல் என்று வைத்துக்கொண்டு, சொடுக்கி எடுத்த எண்களை வைத்துத் திருத்தலாம்.

காலையில் சரியாக இருந்தது, மதியம் சொதப்புகிறது. அல்லது செடி வளர வளர மாஸ்க் குறைகிறது

இரண்டும் ஒரே நோய்தான். வெப்கேம் வீடியோ அழைப்பில் முகத்தை அழகாகக் காட்டச் செய்யப்பட்ட பொருள். வெளிச்சம் மாறினால் தானே எக்ஸ்போஷரை (ஒளி வாங்கும் நேரத்தை) மாற்றும், நிறம் ஒரு பக்கம் சாய்ந்தால் தானே ஒயிட் பேலன்ஸைத் திருத்தும். அழைப்பில் இது வசதி, அளவெடுக்கும் வேலையில் இடைஞ்சல்.

ஒயிட் பேலன்ஸின் தந்திரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு காட்சியின் நிறங்களையெல்லாம் சராசரி எடுத்தால் ஏறக்குறைய சாம்பல் நிறம் வரும் என்ற ஊகத்தை ஒட்டித்தான் தானியங்கித் திருத்தம் பலவும் வேலை செய்கிறது. விதைத்த புதிதில் படத்தில் முக்கால்வாசி மண், ஊகம் பெரிதாகக் கெடாது. கீரை வளர்ந்து பாத்தியை மூடியதும் படம் முழுக்கப் பச்சை. வெளிச்சத்தில்தான் பச்சை ஏறிவிட்டது என்று எண்ணிக் கேமரா அதைக் குறைத்து, சிவப்பையும் நீலத்தையும் ஏற்றும். இலையின் செறிவு இறங்கும், மாஸ்க்கில் ஓட்டை விழும். பாத்தியில் செடி கூடக்கூட வரைபடத்தில் செடி குறையும். உரம் போதவில்லையோ என்று தேடப் போகாதீர்கள்.

மாடியில் பச்சை நிழல்வலை கட்டியிருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். வலையில் பட்டுச் சிதறிவரும் ஒளியே பச்சை சாய்ந்திருக்கும். வெள்ளைத் தொட்டியும் சிமென்ட் தரையும் லேசாகப் பச்சையாகும். சூரியன் நகர நகர வலையின் நிழலும் நகர்வதால் இந்தச் சாய்வு மணிக்கு ஒரு மாதிரி இருக்கும். படம் எடுப்பதுதான் முக்கியம் என்றால் அந்த இடத்துக்கு மட்டுமாவது வெள்ளை அல்லது கறுப்பு வலை போடுவது நல்லது. எந்த நிரலும் இதற்கு ஈடாகாது.

தானியங்கிகளை நிறுத்தும் முறை: லினக்ஸில் வி4எல்2-சிடிஎல் என்ற கட்டளையில் உங்கள் கேமரா ஏற்கும் அமைப்புகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அமைப்புகளின் பெயர் கர்னல் பதிப்புக்கு ஏற்ப மாறியிருக்கிறது. ஆகவே எங்கிருந்தோ எடுத்த கட்டளை பிழை காட்டினால் பட்டியலில் உள்ள பெயரைப் போட்டுப் பாருங்கள். வரிசையும் முக்கியம். தானியங்கி ஓடிக்கொண்டிருக்கும்வரை கைமுறை எண் செயலற்றது என்றே பட்டியலில் குறித்திருக்கும். முதலில் தானியங்கியை நிறுத்தி, பிறகு எண்ணைக் கொடுக்க வேண்டும். எக்ஸ்போஷருக்கு 1 என்றால் கைமுறை, 3 என்றால் தானியங்கி. எண்ணின் அலகு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 100 என்றால் 10 மில்லி நொடி. விண்டோஸில் இதே எக்ஸ்போஷர் பெரும்பாலும் கழித்தல் எண்ணாக வரும், -6 என்றால் ஒரு நொடியில் 64இல் ஒரு பங்கு. கேமராவைக் கழற்றி மாட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதால், நிரல் கேமராவைத் திறந்த பிறகு ஒவ்வொரு முறையும் இந்த அமைப்புகளைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஏற்றுக்கொண்டது போல் காட்டிவிட்டு ஒன்றும் செய்யாத மலிவுக் கேமராக்களும் உண்டு.

எக்ஸ்போஷரை முழுக்கப் பூட்டினால் காலையில் இருட்டு, உச்சி வெயிலில் வெளுப்பு. இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ஒயிட் பேலன்ஸை மட்டும் பூட்டி, படத்தின் மூலையில் ஒரு வெள்ளை அடையாளத்தை நிரந்தரமாக வையுங்கள். ஏ4 தாள் வேண்டாம். அதில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருப்பதால் வெயிலில் நீலம் சாயும். குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சிறு பலகையில் பல அடுக்காகச் சுற்றினால் போதும். விலை குறைவு, வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சீராகச் சிதறடிக்கும். படம் எடுத்ததும் அந்த இடத்தின் மூன்று நிற மதிப்பும் சமமாகும்படி முழுப் படத்தையும் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த மதிப்பு 200ஐ ஒட்டி இருக்கட்டும். 255ஐத் தொட்டுவிட்டால் அந்தப் படத்தை அளவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

என்னைக் கேட்டால், வளர்ச்சியை நாள்தோறும் ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் பகலையே விட்டுவிடலாம். விடிவதற்கு முன் ஒரு வெள்ளை எல்இடி பல்பை ஒரு நிமிடம் போட்டு ஒரு படம் எடுப்பது எல்லாவற்றையும்விடச் சுத்தமான வழி. மேகம் இல்லை, நகரும் நிழல் இல்லை, பெரும்பாலும் காற்றும் இருக்காது.

படத்தில் கிடைக்கோடாக இருட்டுப் பட்டைகள் நகர்கின்றன

பல்பு வெளிச்சத்தில் மட்டும் வந்தால் மின்சாரம்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடியும் டியூப்லைட்டும் நொடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான அமைப்பில் இருந்தால் பட்டை ஓடும். மின் அதிர்வெண் என்ற அமைப்பை 50க்கு மாற்றுங்கள். கைமுறை எக்ஸ்போஷர் என்றால் 100, 200 என்று 10 மில்லி நொடியின் மடங்காக வையுங்கள்.

இலையின் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது

மணி பிளான்ட், ரப்பர் செடி, எலுமிச்சை போன்ற பளபளப்பான இலைகளில் இது சகஜம். மெழுகுப் பூச்சு வானத்தைப் பிரதிபலிக்கும் இடத்தில் கேமராவுக்குத் தெரிவது இலையின் நிறம் அல்ல, வானத்தின் வெள்ளை. அந்தப் பிக்சலில் செறிவு 20, 30 என்று இறங்கிவிடும். செறிவின் கீழ் எல்லையைக் குறைத்தால் ஓட்டை அடைபடும், கூடவே சிமென்ட் தரையும் செடியாகிவிடும். அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். கேமராவை நேர் மேலிருந்து கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு போலரைசர் ஃபில்டரைப் பிடித்துச் சுழற்றினால் பளபளப்பு ஒரு கோணத்தில் வெகுவாகக் குறையும். மீதியை மாஸ்க்கில் மார்ஃபாலஜி குளோஸ் (சிறு கட்டம் ஒன்றை நகர்த்தி ஓட்டைகளை மூடும் முறை) செய்து அடைக்கலாம். ஆனால் பெரிய கட்டமாக வைத்தால் பக்கத்துப் பக்கத்துச் செடிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். நாற்றுத் தட்டில் எண்ணிக்கை எடுப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

செடியே இல்லாத இடத்தில் செடி என்கிறது

எங்கே என்று பாருங்கள். இருண்ட நிழலில் புள்ளி புள்ளியாக வந்தால் அது வெறும் இரைச்சல். ஒளிர்வு மிகக் குறைந்த பிக்சலில் மூன்று நிறமும் பத்து, பன்னிரண்டு என்று இருக்கும்போது ஒரு எண் கூடிக் குறைந்தாலே ஹியூ எங்கோ தாவும். ஒளிர்வின் கீழ் எல்லையை ஏற்றி, சின்னத் துணுக்குகளைப் பரப்பளவு பார்த்துக் கழித்துவிடுங்கள்.

பச்சைக் குழாய், பச்சைத் தொட்டி, வலையின் ஓரம் என்றால் நிரலில் மல்லுக்கட்டாதீர்கள். பாத்தியின் எல்லையைப் பலகோணமாக ஒரு தடவை வரைந்து, அதற்கு வெளியே உள்ளதைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே கிடக்கும் குழாயை எடுத்து ஓரமாகப் போடுங்கள்.

ஈர மண்ணின் மேல் படியும் பாசிதான் உண்மையான தொல்லை. அதிலும் பச்சையம்தான் இருக்கிறது. நிறத்தை மட்டும் கேட்டால் அதுவும் செடி என்ற பதில் சரியானதே. செறிவு சற்றுக் குறைவாகவும் ஓரம் தெளிவில்லாமலும் இருப்பதை வைத்து ஓரளவு பிரிக்கலாம். மேல்மண்ணில் தேங்காய் நார்க்கழிவைத் தூவி மூடுவது அதைவிட விரைவில் முடியும். வைக்கோல் மூடாக்கு போட்டால் வேறு பிரச்சினை: மஞ்சளாகும் இலையைப் பிடிப்பதற்காக ஹியூவின் கீழ் எல்லையை 25க்குக் கீழே இறக்கினால் வைக்கோலும் உள்ளே வந்துவிடும். மஞ்சள் இலைக்கு வைக்கோலைவிடச் செறிவு அதிகம், அதை வைத்துப் பிரியுங்கள்.

மண் பளீரென்று வெள்ளையாக, இலை மங்கலாக வருகிறது

ஹியூ, செறிவு, ஒளிர்வு என்ற எச்எஸ்வி முறைக்குப் பதில் மிகைப்பச்சைக் குறியீட்டைப் போடுபவர்களுக்கு வரும் கோளாறு இது. பச்சையின் இரு மடங்கிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் கழிப்பதுதான் கணக்கு. 1995இல் வோபெக்கும் உடன் ஆய்வாளர்களும் களைகளை மண்ணிலிருந்து பிரிக்க முன்வைத்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு மண் பிக்சலை எடுங்கள்: சிவப்பு 120, பச்சை 90, நீலம் 70. 180 கழித்தல் 120 கழித்தல் 70, விடை -10. பிக்சல் 8 பிட் எண் என்பதால் நம்பை என்ற பைத்தான் கணக்கு நூலகத்தில் கழித்தல் எண்ணுக்கு இடமில்லை, 256ஐச் சுற்றிக்கொண்டு 246 ஆகிவிடும். இலைப் பிக்சல்: சிவப்பு 90, பச்சை 140, நீலம் 60. விடை 130. அது 130 ஆகவே வரும். ஆக மண் 246, இலை 130. மண் மின்னுகிறது. கணக்கிடும் முன் படத்தைத் தசம எண்ணாக மாற்றிவிட்டால் தீர்ந்தது. மூன்று நிறத்தையும் அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துக்கொண்டு கணக்கிட்டால் வெயில் ஏற்ற இறக்கமும் ஓரளவு அடங்கும். நிழலில் கூட்டுத்தொகை மிகச் சிறிதாகும் பிக்சல்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

இதோடு ஆட்சு முறையைச் சேர்த்து த்ரெஷோல்ட்டைத் தானே கண்டுபிடிக்க விடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1979இல் நொபுயுகி ஆட்சு வெளியிட்ட அந்த முறை, படத்தில் இரண்டு கூட்டம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நடுவில் கோடு போடும். விதைத்த மறுநாள் பாத்தியில் ஒரு கூட்டம்தான் உண்டு, மண். அதையே இரண்டாகப் பிளந்து பாதியைச் செடி என்று சொல்லும். பாத்தி முழுக்க இலை மூடிய பிறகும் இதே கதை. நிலையான எல்லை வேண்டுமென்றால் மிகைப்பச்சையிலிருந்து மிகைச்சிவப்பைக் கழிக்கும் முறையைப் பாருங்கள். கூட்டுத்தொகையால் வகுத்த சிவப்பை 1.4ஆல் பெருக்கி, வகுத்த பச்சையைக் கழித்தால் மிகைச்சிவப்பு. கழித்து வரும் விடை பூஜ்யத்துக்கு மேல் என்றால் செடி. மேயரும் நெட்டோவும் 2008இல் காட்டிய வழி இது.

சிவப்புத் தண்டுக்கீரை காணவில்லை

காணாமல்தான் போகும். அதன் சிவப்பு பீட்டாலெயின் என்ற நிறமி, பச்சையத்தை மறைத்துவிடும். மேலே சொன்ன மிகைச்சிவப்பு முறை இதைப் பார்த்தவுடன் தள்ளிவிடும். தனி மாஸ்க் ஒன்று போட்டு முடிவில் இரண்டையும் சேர்க்க வேண்டும். சிவப்பு, ஹியூ வட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பிரிந்து கிடப்பதால் 0 முதல் 8, 160 முதல் 179 என்று இரண்டு எல்லை கொடுங்கள். கருமையான நார்க்கழிவுக் கலவையில் இது நன்றாக வேலை செய்யும். செம்மண்ணில் செய்யாது. அங்கே மண் மேல் வேறு நிற மூடாக்கு போடுவதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சட்டென்று முடியும் சில

முதல் படம் மட்டும் இருட்டு: கேமரா விழித்துக்கொள்ள நேரம் கொடுங்கள், முதல் இருபது முப்பது ஃப்ரேமைப் படித்துத் தூக்கிப் போடுங்கள். இடைவெளி விட்டு எடுக்கும்போது பழைய படமே வந்தாலும் இதே மருந்து. இடையகத்தில் (தற்காலிக நினைவில்) தேங்கியது வருகிறது.

எல்லாமே ஊதா சாயலில் இருக்கிறது: அகச்சிவப்பு தடுப்பு ஃபில்டர் இல்லாத கேமராவாக இருக்கும். இலை அகச்சிவப்பை மிக அதிகமாகப் பிரதிபலிக்கும் என்பதால் பச்சை எடுபடாது. இந்த வேலைக்கு அது தவறான கேமரா.

ஊதா எல்இடி வளர்ப்பு விளக்கின் கீழ் செடி கறுப்பாகத் தெரிகிறது: அந்த விளக்கில் பச்சை ஒளியே அநேகமாக இல்லை. படம் எடுக்கும் நேரத்துக்கு அதை அணைத்து வெள்ளை விளக்கைப் போடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது கேமரா திறக்கவில்லை: சுருக்கப்படாத 640க்கு 480 படம், நொடிக்கு 30 என்றால் ஒரு கேமராவே கிட்டத்தட்ட 147 மெகாபிட் கேட்கும். யூஎஸ்பி 2.0இன் உச்சமே 480. நொடிக்கு 5 படம் போதும் என்று குறையுங்கள். படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக்குக்கு மாறினாலும் திறக்கும், ஆனால் நிற ஓரங்கள் கட்டம் கட்டமாகும்.

செடி தெரிகிறது, எந்தச் செடி என்றுதான் தெரியவில்லை

நிறத்திடம் இதைக் கேட்கக் கூடாது. கீரையும் கோரையும் அருகும் 40 முதல் 60 வரையிலான ஹியூவில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். எல்லையை எவ்வளவு நுணுக்கினாலும் வெயில் மாறியவுடன் கலந்துவிடும்.

அடுத்த படி வடிவம். மாஸ்க்கில் ஒவ்வொரு துண்டின் நீள அகல விகிதத்தையும், பரப்பை 4πயால் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்த வட்டத்தன்மையையும் எடுங்கள். வட்டத்துக்கு அது 1, கோரை இலைக்குப் பூஜ்யத்தை ஒட்டி வரும். முளைத்த உடனே இதை நம்ப வேண்டாம். தண்டுக்கீரையின் வித்திலைகளே ஒடுங்கி நீண்டுதான் இருக்கும், உண்மை இலைகள் விரிந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். இலைகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கியதும் இந்தக் கணக்கும் முடிந்துவிடும். நடுவில் கிடைக்கும் சில நாட்கள்தான் பயன்படும் காலம். களையெடுக்கும் காலமும் அதுதான் என்பதால் குறையில்லை.

இன்னும் எளிய வழி, வரிசையில் விதைப்பது. வரிசைக்கு வெளியே பச்சை தெரிந்தால் களை. இடத்தைப் பார்த்தால் போதும், இலையை அடையாளம் காணவே தேவையில்லை. சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓப்பன்வீட்லொக்கேட்டர், ராஸ்பெர்ரி பையும் கேமராவும் வைத்து நிறத்தாலேயே களையைப் பிடித்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது பயிர் இல்லாத தரிசு நிலம். அங்கே பச்சையாக இருப்பதெல்லாம் களைதான், வகை பிரிக்கும் கேள்வியே எழாது.

பெயரே தெரிந்தாக வேண்டும் என்றால் பிளான்ட்நெட் போன்ற செயலியிடமோ, நீங்களே பயிற்றுவித்த நியூரல் வலைப்பின்னலிடமோதான் போக வேண்டும். அப்போதும் இந்த மாஸ்க் வீணாகாது. அதை வைத்து ஒவ்வொரு செடியையும் தனிப் படமாக வெட்டி, வகைவாரியாகக் கோப்புறைகளில் போட்டு வைத்தால் பயிற்சிப் படம் சேர்க்கும் சலிப்பான வேலை பெருமளவு குறையும். வெட்டும்போது செடியைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் விட்டு வெட்டுங்கள். மாஸ்க் ஓரத்தில் தின்றுவிட்ட இலை நுனி அப்படியாவது படத்தில் இருக்கும்.